அண்ணன் இம்பாலுக்குக் கிளம்பிய வாரம்

ஜூன் 10, செவ்வாய்

வெயில். காலை ஒன்பது மணிக்கே ஷட்டரில் கை வைக்க முடியவில்லை. இந்தச் சூட்டில் ராயப்பேட்டையில் கடை திறந்தவன் நான் ஒருவன்தான். (எதிர் மெடிக்கலும் திறந்திருந்தது. அது கணக்கில் வராது.)

வேலை: முருகர் படம் 1. லேமினேஷன் 2. கல்யாண ஜோடி பெரிய ஃப்ரேம் 1. சென்னையில் என்னைப் போல் ஃப்ரேமுக்கு மூலை சேர்க்க ஆள் கிடையாது. ஒரு காலத்தில் மந்திரி வீட்டிலிருந்தே கேட்டு அனுப்பினார்கள். மந்திரியின் டிரைவர் வீடு என்று சரோஜா சொல்வாள். மனைவி என்றால் அப்படித்தான் சொல்வாள்.

பதினொன்றரைக்கு தெய்வசிகாமணி அண்ணன் வந்தார். எண்பத்து நாலு வயது. கையில் தடி, கக்கத்தில் அவருடைய அப்பா படம். கண்ணாடியில் குறுக்கே விரிசல். மகள் மங்கை துடைக்கும்போது கைதவறிவிட்டதாம்.

“கண்ணாடி மட்டும் மாத்திக் குடு நைனா. கூடவே எடுத்துகினு போறேன்.”

“எங்கே அண்ணே?”

“இம்பாலுக்குதான். பத்தொம்பதாந்தேதி ஃப்ளைட்டு. மங்கையும் வருது. இருபத்திரண்டு அப்பா நாளு. ஒரு தபாவாவது அவரு செத்த எடத்துல நின்னு கும்பிடணும். பட்டினப்பாக்கத்து மணல ஒரு டப்பால போட்டு வச்சிக்கீறேன். அத்த அங்க தூவிட்டு, அங்கத்த மண்ண கொண்டாருவேன்.”

டாக்டர் வேண்டாம் என்றாராம். முட்டி, பிரஷர், போன வருஷம் நெஞ்சில் வைத்த ஸ்டென்ட். அண்ணன் கேட்கவில்லை. “போய்க்கினே செத்தாலும் அப்பன் பக்கத்துல சாவறேன்” என்றார்.

படத்துக்குக் கீழே நான் ஒட்டிய சீட்டு. தோற்றம் 1916. மறைவு 22-6-1944, இம்பால் போர்முனை. எழுத்து இன்னும் மங்கவில்லை. நல்ல மை.

மத்தியானம் மோர் சாதம். தூக்கம் வரவில்லை.

ஜூன் 11, புதன்

மேகம் மட்டும். மழை இல்லை.

பார்க்கில் காலை நடை. எட்டு ரவுண்டு. (ஐந்து.) பட்டாபி சார் நிறுத்தினார். நடைப்பயிற்சிக் குழுவுக்கு அவர்தான் செயலாளர், ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர்.

“ஞாயித்துக்கிழமை நம்ம தெய்வசிகாமணிக்கு ஒரு வழியனுப்பு வெச்சிண்டிருக்கோம். நேச நாடுகள் எப்படி யுத்தத்துக்குள்ள வந்தது, எப்படி சண்டை போட்டதுன்னு நீங்க அரை மணி பேசணும். எங்காத்துல எல்லாரும் வரேன்னுட்டா.”

“அரை மணி எதுக்கு சார் பத்தும்? எங்கப்பா பர்மா முனையில் இருந்தவர்” என்றேன்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, எழுதலாம். அப்பா பர்மா போகவில்லை. ஹார்பரில் மூட்டை இறக்கினார். கப்பலில் வந்த டின் மீன் சில சமயம் வீட்டுக்கும் வரும். அவர் பார்த்த யுத்தம் அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கி டப்பாக்கள் அவர் தோள் வழியாகத்தான் போயின. அப்படிப் பார்த்தால் பர்மாவில் பாதி சண்டை அவர் போட்டது.

எட்டாவதோடு நான் நின்றவன். பேசச் சொன்னால் எம்.ஏ. படித்தவனும் வாயைப் பிளப்பான். இருந்தாலும் பக்கத்து போர்ஷனில் பத்தாவது சமூக அறிவியல் புத்தகம் இரவல் வாங்கி வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் கரண்ட் இல்லை. வாசல் வெளிச்சத்தில் குறிப்பு எடுத்தேன். கூட்டத்துக்குப் புரிகிற மாதிரி:

1. சீனா. எல்லோருக்கும் முன்னாலேயே, 1937-லிருந்து ஜப்பானோடு மல்லுக்கட்டு. யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

2. போலந்து. 1939 செப்டம்பர். ஜெர்மன்காரன் கதவை உடைத்து உள்ளே வந்துவிட்டான்.

3. பிரிட்டன், பிரான்ஸ். போலந்துக்கு ஏதாவது ஆனால் வருவோம் என்று வாக்கு. இரண்டே நாளில் யுத்தம் என்று அறிவித்தார்கள். அறிவித்ததோடு சரி, போலந்துக்கு ஆள் போய்ச் சேரவில்லை.

4. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உடனே. கனடா மட்டும் ஒரு வாரம் தள்ளி, பார்லிமெண்டில் கேட்டுவிட்டு வந்தது. மரியாதை தெரிந்த நாடு.

5. நாம். நம்மை ஒருத்தரும் கேட்கவில்லை. வைஸ்ராய் சொன்னார், நாமும் யுத்தத்தில். பத்திரிகையில் பெயர் போட்ட பிறகு கல்யாணப் பெண்ணுக்குச் சொன்ன மாதிரி.

6. பிரான்ஸ். அடுத்த வருஷமே விழுந்தது. பிரிட்டன் தனியாக நின்றது என்கிறது புத்தகம். தனியாக எப்படி? நம் ஆட்கள் எத்தனை பேர் கூட நின்றார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

7. ரஷ்யா. முதலில் ஜெர்மன்காரனோடு கைகுலுக்கி, போலந்தில் பாதி எடுத்துக்கொண்டது. பிறகு அவனே இவன் மேல் பாய்ந்தான். அப்புறம்தான் நேச நாடு. செத்ததில் ஜாஸ்தி ரஷ்யாக்காரன். பாய்ந்த தேதி 1941 ஜூன் 22.

ஜூன் 22 என் கல்யாண நாள். சரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அன்னிக்குத்தான் எனக்கும் யுத்தம் ஆரம்பிச்சுது” என்றாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

சிரித்துவிட்டுத் திரும்பினால், மேஜை மேல் அண்ணன் அப்பா படம். சீட்டில் அதே தேதி.

குறிப்பு எடுப்பதை அங்கேயே நிறுத்தினேன்.

ஜூன் 13, வெள்ளி

கண்ணாடி மாற்றினேன். பின்பக்க அட்டையைக் கழற்றி, ஆணி பிடுங்கி, தூசி தட்டியபோது ஒரு கார்டு கீழே விழுந்தது.

பெரிசு பண்ணின படத்துக்குப் பின்னால் பழைய சின்னப் படத்தை வைத்து அடிப்பது என் வழக்கம். தொலையாது. அந்தச் சின்னப் படத்தின் முதுகில் அண்ணனின் அம்மா ஒரு தபால் கார்டைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்திருக்கிறார், எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி. விலாசப் பக்கம் அழிந்திருந்ததால், ஃப்ரேம் போட்டபோது எனக்கு அது வெறும் அட்டை. இப்போது பசை காய்ந்து கழன்றுவிட்டது.

பென்சில் எழுத்து. 2-1-42 என்று தேதி. ஊர் பெயர் இல்லை, எழுதக்கூடாது போல. இவ்வளவுதான்:

“நான் சௌக்கியம். இங்கே பார்க்கிற இடமெல்லாம் ரப்பர் மரம். தோட்டத்தில் நம் தமிழாட்கள் நிறைய. ஒரு கிழவி எனக்குக் கூழ் கொடுத்தாள். நாங்கள் தெற்கே வந்துகொண்டே இருக்கிறோம். பையனுக்கு வடபழனியில் மொட்டை போட்டாயா. காது குத்துவதற்கு நான் வந்துவிடுவேன்.”

ரப்பர் தோட்டம், தமிழாட்கள் என்றால் மலேயா. இது எனக்கே தெரியும். புத்தகத்தை எடுத்தேன்.

8. அமெரிக்கா. 1941 டிசம்பர். ஜப்பான்காரன் முத்துத் துறைமுகத்தில் குண்டு போட்டான். அதோடு அமெரிக்கா உள்ளே. அதே கையோடு ஜப்பான் மலேயாவிலும் இறங்கினான். பிரிட்டன் பட்டாளம், அதில் நம் ஆட்களும், தெற்கே பின்வாங்கிக்கொண்டே போய் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் சரணடைந்தது. மொத்தப் பேரும் கைதி.

‘தெற்கே வந்துகொண்டே இருக்கிறோம்.’

ஆக, ஜனவரியில் மலேயா. பிப்ரவரியில் கைதி, அல்லது அதற்கு முன்பே சாவு. 1944-இல் இம்பாலில் பிரிட்டன் பட்டாளத்தோடு நின்று இந்த மனுஷர் எப்படிச் செத்திருப்பார்? நேதாஜி படையில் சேர்ந்து போயிருந்தால் உண்டு, அதற்கும் ஒரு துப்பும் கிடையாது. நான்தான் அவரை அங்கே அனுப்பி வைத்தேன்.

1988-இல் நடந்தது. அண்ணனின் அம்மா தவறிவிட்டார். யுத்தத்தில் ஆளைக் காணவில்லை என்று ஒரு தந்தி வந்ததோடு சரி, கடைசி வரை அந்த அம்மா பொட்டை எடுக்கவில்லை. அம்மா அப்பா படம் இரண்டையும் ஜோடியாக மாட்ட வேண்டும் என்றார் அண்ணன். அம்மாவுக்குத் தோற்றம், மறைவு இரண்டும் இருந்தது. அப்பாவுக்குத் தோற்றம் மட்டும். பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் ஒரு ஃப்ரேமில் இரண்டு வரி, இன்னொரு ஃப்ரேமில் ஒரு வரி. தொழில் தெரிந்தவன் கண்ணுக்கு அது பல் விழுந்த வாய். என் கடையிலிருந்து மறைவு காலியாக ஒரு படம் போனதில்லை.

“எங்கப்பா சொல்லியிருக்கார் அண்ணே, உங்கப்பா இம்பால்ல விழுந்தார்” என்றேன். என் அப்பா இரண்டு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். யார் போய்க் கேட்பது? இம்பால் அந்த வாரம் எவரோ பேசிக் காதில் விழுந்த பெயர். தேதி கேட்டார். வாயில் வந்தது என் கல்யாண நாள்.

அண்ணன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

ஜூன் 14, சனி

சொல்லிவிடுவது என்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. ஸ்வெட்டர் இரண்டு, மாத்திரை டப்பா, மணல் டப்பா, ஒரு டின் மீன்.

டின் மீன் கதையும் எழுதிவிடுகிறேன். வருஷா வருஷம் ஜூன் 22 அன்று அண்ணன் அப்பாவுக்குப் படையல் போடுவார். அவருக்கு என்ன பிடிக்கும் என்று முதல் வருஷம் என்னைக் கேட்டார். “பட்டாளத்தில் டின் மீன் என்றால் உயிராம்” என்றேன். அண்ணன் சைவம். ஆனாலும் தி.நகரெல்லாம் அலைந்து வாங்கி வந்து இலையில் வைப்பார். படையல் முடிந்ததும் என்னிடம் தள்ளுவார். டின் மீன் பிடிக்கும் ஆள் நான்.

மங்கை காபி கொடுத்தாள். பேங்கில் மேனேஜர், ஐம்பத்தைந்து வயது. என்னை இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.

“மொதல்ல நான் நம்பல மாமா. நெட்ல பாத்தேன். சரியா நாப்பத்தி நாலு ஜூன் 22-தான் இம்பால் முற்றுகை ஒடஞ்சு ரோடு தொறந்திருக்கு. கடைசி நாள் சண்டையிலதான் தாத்தா போயிருக்கணும். உங்கப்பா ஞாபகம் எவ்ளோ கரெக்ட் பாருங்க.”

என் கல்யாண நாள் எனக்கே எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணன் கேட்டார்: “மலை மேலயா, கீழயா நைனா? அங்க போய் எந்தப் பக்கம் பாத்து கும்புடறது?”

“மேலே. ஒற்றை மரம் ஒன்று இருக்குமாம்” என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. மங்கை அதை ஃபோனில் குறித்துக்கொண்டாள். எண்பத்து நாலு வயது மனுஷர் இனி இல்லாத ஒரு மரத்தைத் தேடி மலை ஏறப் போகிறார்.

பஸ்ஸில் வரும்போது ஸ்டாப் விட்டுவிட்டு மந்தைவெளியில் இறங்கி நடந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் தூறல், ஆறு மணிக்கே நின்றது. பார்க்கில் கூட்டம் நாற்பது பேர். பட்டாபி சார் நோட்டில் பதினேழு. சுண்டல் அவர் வீட்டில் செய்தது, உப்பு கம்மி.

பேச்சு பிரமாதம். நானே சொல்லக்கூடாது. போலந்து கதவு, கனடா மரியாதை, ரஷ்யா கைகுலுக்கல் எல்லாவற்றுக்கும் சிரிப்பு. கல்யாணப் பெண் உவமைக்குக் கைதட்டல். “எவனும் நல்லவன் என்பதால் சேரவில்லை. அவனவன் வீட்டுக் கதவு உடைந்தபோது சேர்ந்தான். ஆளுக்கு ஒரு திசையில் அடித்தான். அமெரிக்காக்காரன் சாமான் அனுப்பினான், ரஷ்யாக்காரன் உயிரைக் கொடுத்தான், பிரிட்டன்காரன் நம் ஆட்களையும் சேர்த்துக் கொடுத்தான்” என்றேன். இது புத்தகத்தில் இல்லை, என் சொந்தச் சரக்கு.

அப்புறம் எட்டாவது குறிப்பு. மலேயா, பின்வாங்கல், சிங்கப்பூர். அங்கே குறிப்புத் தாளை மடித்துவிட்டேன்.

“இம்பாலுக்கு வாங்கோ. அதுக்குத்தானே காத்துண்டிருக்கோம்” என்றார் பட்டாபி சார்.

“இம்பால் இன்னொரு நாள்” என்று உட்கார்ந்துவிட்டேன். மைக் முன்னால் நான் பாதியில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அண்ணனுக்கு மாலை போட்டார்கள். எனக்கும் ஒரு துண்டு.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணனைக் கடைசி பெஞ்சுக்கு அழைத்துப் போனேன். கார்டைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார். மொட்டை என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

“எங்கப்பா எய்த்தா?”

“ஆமாம் அண்ணே. அது மலேயா. அவர் இம்பாலுக்குப் போனார் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. எங்கப்பா எதுவும் சொல்லவில்லை. எங்கப்பா ஹார்பர் தாண்டினதே இல்லை. எல்லாம் நான் சொன்னது.”

“தேதி?”

“என் கல்யாண நாள்.”

வாக்கிங் போகிற ஒருவர் “வாழ்த்துகள் சார், நல்லபடியா போய்ட்டு வாங்க” என்று கை கொடுத்தார். அண்ணனும் கொடுத்தார்.

“மலை, மரம்?”

“நேற்று வாயில் வந்தது.”

“டின் மீனு?”

“எனக்குப் பிடிக்கும் அண்ணே.”

“முப்பத்தேழு வருசம்” என்றார். “எங்கப்பாவுக்கு மீனு புடிக்குமா, புடிக்காதா?”

“தெரியாது.”

இந்த வார்த்தையை நான் வாழ்நாளில் அதிகம் சொன்னதில்லை. அண்ணன் கார்டைச் சட்டைப் பையில் வைத்து, மாலையைக் கழற்றி பெஞ்சில் போட்டுவிட்டு, தடியை ஊன்றி எழுந்து போனார். பிடிக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டார்.

ஜூன் 16, திங்கள்

வெயில். வேலை ஓடவில்லை. ஒரு கண்ணாடி உடைந்தது.

காலையில் மங்கை போன். “டிக்கெட்டு கேன்சல் பண்ணிட்டேன். அப்பாவ இந்த ஒடம்போட அவ்ளோ தூரம் கூட்டினு போறதுக்கு ராத்திரியெல்லாம் பயந்துகினு இருந்தேன். அதுக்காக உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லுவேன்னு நெனைக்காதீங்க.”

“அண்ணன் சாப்பிட்டாரா?”

“அத்த கேக்காதீங்க” என்று வைத்துவிட்டாள்.

சரோஜாவிடம் முழுக்கச் சொன்னேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: “அதனாலதானா ஒவ்வொரு வருசமும் கல்யாண நாளும் அதுவுமா என்னைத் தனியா உட்டுட்டு அவுங்க வூட்ல போய் துன்ன?”

இதை நான் யோசித்ததே இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

பார்க்குக்குப் போகவில்லை. முழங்கால் வலி. (வலி இல்லை.)

பட்டாபி சார் கடைக்கே வந்துவிட்டார். “என்ன, அவரும் வரலை, நீங்களும் வரலை? பயணம் ஏன் நின்னுடுத்து?” உடம்பு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். “நான் ஒரு தப்பு பண்ணினேன் சார், அதனால்” என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. அவருடைய குலதெய்வப் படத்துக்கு பீடிங் சட்டம் பார்த்தார். வாங்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

சாயங்காலம் நல்ல மழை. கடைக்குள் தண்ணீர் ஒரு விரற்கடை.

மழையோடு அண்ணன். ஃப்ளைட்டில் இருந்திருக்க வேண்டிய நாள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது நான் கை நீட்டவில்லை. அவராகப் பிடித்துக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த சாமி படங்களைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“மங்கை நெட்ல பாத்து சொல்லுது, சிங்கப்பூர்ல ஒரு செவுத்துல பேரு கீதாம், பாடி கெடைக்காதவங்க பேரு. எங்கப்பா பேரு அதுல கீதா, இல்லியான்னு எழுதிக் கேட்டுக்கீது. எப்ப பதில் வருமோ.”

“வரும் அண்ணே. நிச்சயம் அவர் பேர்...”

“நீ சொல்லாத.”

நிறுத்தினேன்.

“அந்த சீட்ட எடு” என்றார். “என் எதுருக்க எடு.”

ஃப்ரேமைக் கவிழ்த்து, ஆணி பிடுங்கி, சீட்டை உரித்தேன். நல்ல பசை, லேசில் வரவில்லை. ஈரத்துணி வைத்துச் சுரண்ட வேண்டியிருந்தது. புதுச் சீட்டில் பேர் எழுதினேன். தோற்றம் 1916. அடுத்த வரியில் மறைவு. பேனா கையிலேயே நின்றது.

“காணவில்லை என்று போடட்டுமா அண்ணே? சிங்கப்பூர் என்று மட்டுமாவது...”

“ஒன்னியும் போடாத. தெரிஞ்சா நான் வந்து சொல்றேன்.”

மறைவு, அதற்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி, அப்புறம் வெள்ளைக் காகிதம். அப்படியே கண்ணாடி போட்டு அடித்தேன். என் கடையிலிருந்து இப்படி ஒரு படம் போனதில்லை. கார்டைக் கேட்டேன், பத்திரமாகப் பின்னால் வைக்க. “அது என் பையிலேயே கெடக்கட்டும்” என்றார்.

கூலி கொடுக்க வந்தார். முறைத்தேன். பணத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

போகும்போது கேட்டார்: “மணல இன்னா பண்றது?” பட்டினப்பாக்கத்திலேயே போட்டுவிடலாம் என்றேன். வேறு எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கல்யாண நாள். நாற்பது வருஷம். வெயில் கம்மி. காலையில் சரோஜாவோடு வடபழனி. கூட்டம் லட்சம் பேர். (கொஞ்சம் கூட்டம்.) மல்லிகை நாலு முழம். வீட்டில் வடை, பாயசம், உருளைக்கிழங்கு வறுவல். இந்தத் தேதியில் மத்தியானம் நான் வீட்டு இலையில் உட்கார்ந்ததை சரோஜா ஒரு தரம் சொல்லிக் காட்டினாள். பிறகு விட்டுவிட்டாள்.

சாதம் போடும் நேரத்துக்குப் படியில் தடிச் சத்தம். அண்ணன். பின்னால் மங்கை, பழம் வைத்த பையோடு.

“வாங்க வாங்க” என்று சரோஜா இன்னும் இரண்டு இலை போட்டாள்.

அண்ணன் உட்கார்ந்தார். பையிலிருந்து டின் மீனை எடுத்து என் இலை ஓரத்தில் வைத்தார். பெட்டியில் கிடந்த டின் இல்லை, புதுசு.

“அப்பாவுக்கு வாங்கினது வூட்லயே கெடக்குது” என்றார். “இது வேற. கடைக்காரன் யாருக்குன்னு கேட்டான். இந்த தபா உன் பேர சொல்லியே வாங்கினேன். துன்னு.”

மங்கை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சரோஜா கட்டர் தேடினாள், கிடைக்கவில்லை. மூலை செதுக்குகிற உளியை எடுத்து வந்து தரையில் வைத்துத் திறந்தேன்.